கட்டாத சாமான், பெல்ற் போடாத பயணி: கடற்கரைக்குப் போகும் வாகனத்தில் மீட்புப் பொருட்களை வைக்கும் முறை

கோடை தொடங்கிவிட்டால் ஒக்லாந்தில் வாழும் எம்மவர் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் முரிவாய் கடற்கரைதான். மவுண்ட் ரொஸ்கில், சண்டரிங்ஹாம் பக்கமிருந்து காலையில் வெளிக்கிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் மணலில் நிற்கலாம். தூண்டில், சோற்றுப் பெட்டி, பிள்ளைகளின் பந்து, பாய் என்று வாகனம் நிறைந்துவிடும். நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் வைத்திருப்பவர்கள் இவற்றோடு இன்னொரு பெட்டியையும் ஏற்றுவார்கள். மணலில் புதைந்தால் இழுத்தெடுக்கும் பட்டி, இரும்பு ஷக்கிள், ஜக், சவள் எல்லாம் அதற்குள் இருக்கும். இந்தப் பெட்டியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு கோடைகளுக்கு முன் இரு குடும்பங்களாகப் போயிருந்தோம். நண்பரின் வாகனம் மென்மணலில் அச்சுவரை இறங்கிவிட்டது. ஒரு மணித்தியாலம் பாடுபட்டு வெளியே எடுத்தோம். எல்லோருக்கும் களைப்பு, பிள்ளைகளுக்குப் பசி. ஈரமான பட்டியையும் இரண்டு ஷக்கிள்களையும் பின்னால் குவிந்திருந்த சாமான்களுக்கு மேலே எறிந்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். நெடுஞ்சாலை 16 இல் திரும்பி வரும்போது முன்னால் போன வாகனங்கள் திடீரென நின்றன. நானும் பிறேக்கை முழுதாக மிதித்தேன். யாரோடும் மோதவில்லை. ஆனால் ஒரு ஷக்கிள் பின் சீற்றுக்கு மேலால் வந்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவே புகுந்து, கியர்ப் பக்கத்துப் பிளாஸ்திக்கை உடைத்துக்கொண்டு விழுந்தது. என் தங்கையின் மகள் பின் சீற்றில் இருந்தாள். அது போன பாதைக்கும் அவள் தலைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

பிழை முழுக்க என்னுடையது. கதவைப் பூட்டினால் சாமான் கட்டுப்பட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வாகனம் திருத்தும் எங்கள் ஊர்த் தம்பி உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, கட்டாத சாமான் பெல்ற் போடாத ஆள் மாதிரி. மற்ற ஆக்களுக்கு மேலதான் வந்து விழும்." அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தொழில் கணக்குத்தானே.

முதலில் கணக்கு

குளியலறைத் தராசில் என் பொருட்களை ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒன்பது மீற்றர் நீளமான நைலோன் பட்டி 3 கிலோ. இரும்பு ஷக்கிள் இரண்டும் 2.6 கிலோ. மரத்தில் சுற்றும் அகலப் பட்டி 1.5 கிலோ. உயரமாகத் தூக்கும் ஹை-லிஃப்ட் ஜக் 13 கிலோ. சில்லுக்கு அடியில் வைக்கும் மீட்புப் பலகைகள் இரண்டும் 7.5 கிலோ. ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசர் 6 கிலோ. சவள் 2 கிலோ, தீயணைப்பான் 2 கிலோ. பெட்டி, கையுறை, காற்றுமானி, சில்லறைச் சாமான்கள் 4.4 கிலோ. மொத்தம் 42 கிலோ. வீட்டில் ஒரு அரிசி மூட்டையைக் கட்டாமல் வாகனத்தில் ஏற்றமாட்டோம். ஆனால் 42 கிலோ இரும்பையும் பிளாஸ்திக்கையும் அப்படியே போட்டுக்கொண்டு போகிறோம்.

இனி வேகம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் பொருள் அதே 50 இல் முன்னோக்கிப் போகும். பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து போட்ட பொருள் நிலத்தைத் தொடும் வேகம் இதுதான். மணிக்கு 100 என்றால் அது ஏறக்குறைய 40 மீற்றர் உயரம். வேகம் இரண்டு மடங்கானால் அடியின் சக்தி நான்கு மடங்காகும். ஒன்றேகால் கிலோ ஷக்கிளை மூன்றாம் மாடியிலிருந்து யாராவது கீழே போட்டால் நாம் பிள்ளையை அதன் கீழே நிற்க விடுவோமா?

கட்டியிருந்தால் போதுமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 50 இல் மோதும் வாகனத்தின் முன்பகுதி 60 சென்ரிமீற்றர் நசுங்கி நிற்கிறது என்று வைப்போம். உள்ளே இருக்கும் எல்லாவற்றின்மேலும் சராசரியாகப் புவியீர்ப்பின் 16 மடங்கு விசை விழும். என் 42 கிலோப் பெட்டி அந்தக் கணத்தில் ஏறத்தாழ 690 கிலோ போல முன்னே தள்ளும். கடைகளில் சாமான்கட்ட விற்கும் கொக்கி வைத்த இறப்பர்க் கயிறு இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நான் அதைத்தான் பல ஆண்டுகளாகப் பாவித்தேன்.

கடற்கரையும் வீதிதான்

முரிவாய் நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில், டாஸ்மன் கடலைப் பார்த்தபடி வடக்கே கைபாரா துறைமுக வாய் நோக்கிச் சுமார் 50 கிலோமீற்றர் நீள்கிறது. இரும்புத்தாது கலந்த கருமணல். ஓரிடத்தில் சீமெந்துத் தரைபோல இறுகியிருக்கும், நாலு அடி தள்ளிச் சில்லை விழுங்கும். இங்கே வாகனம் ஓட்ட ஒக்லாந்து நகரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். கோடை நெரிசல் காலத்தில் வாகனங்களுக்கு மூடப்படுவதும் உண்டு. ஆகவே புறப்படுமுன் நகரசபையின் அறிவித்தலைப் பார்த்துவிடுங்கள், வற்று நேரத்தையும் பாருங்கள்.

எம்மவர் பலர் அறியாத ஒன்று: நியூசிலாந்தின் 1998 ஆம் ஆண்டுத் தரைப் போக்குவரத்துச் சட்டத்தில் "வீதி" என்ற சொல்லின் வரைவிலக்கணத்திலேயே கடற்கரையும் அடங்குகிறது. சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு, தகுதிச் சான்று, ஆசனப்பட்டி எல்லாம் மணலிலும் பொருந்தும். ஏற்றிய பொருள் விழாமலும் வெளியேறாமலும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற கடமையும் அப்படியே. மணலில் மெதுவாகத்தானே போகிறோம் என்று பிள்ளைகளின் பெல்ற்றைக் கழற்ற விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சரிந்த மணல்மேட்டில் வாகனம் உருள அதிக வேகம் தேவையில்லை. உருளும்போது பொருள் முன்னோக்கி மட்டும் வராது, எல்லாத் திசையிலும் பறக்கும்.

கட்டும் பட்டிகள் எவ்வளவு தாங்க வேண்டும்? பாரம் ஏற்றுவது பற்றி இந்நாட்டுப் போக்குவரத்து முகவரகமான வாக்கா கொட்டாஹி தரும் வழிகாட்டல், கட்டும் பட்டிகள் எல்லாம் சேர்ந்து பொருளின் நிறையைப் போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. வீதியில் திருப்பத்திலும் பிறேக்கிலும் பொருள் அசையாமல் இருக்க அது போதும். ஆனால் மோதலில் வரும் 16 மடங்கைப் பட்டி மட்டும் தாங்கும் என்று நம்பக்கூடாது. அதனால்தான் எங்கே வைப்பது என்ற கேள்வி, எதனால் கட்டுவது என்ற கேள்விக்கு முன்னால் வருகிறது.

எங்கே வைப்பது

முதல் விதி: பாரமானது கீழே, முன்னே. பின் சீற்றின் முதுகோடு ஒட்டி, வாகனத் தரையில், நடுவில். பெட்டிக்கும் சீற்றுக்கும் இடையே இடைவெளி இருந்தால் மோதலில் பெட்டி அந்தத் தூரத்தை ஓடி வந்து வேகத்தோடு அடிக்கும். ஒட்டியிருந்தால் சீற்றும் வாகனமும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். பின் சீற்றின் முதுகு இரு பக்கமும் "கிளிக்" என்று பூட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். பூட்டாத சீற் முதுகு வெறும் மடிப்புக் கதவுதான்.

இரண்டாவது விதி: சீற்றின் உயரத்துக்கு மேலே எதுவும் வேண்டாம். மேலே போக வேண்டியது பாய், துவாய், உடுப்புப் பை மட்டும். அதற்கு மேலும் அடுக்கத்தான் வேண்டுமென்றால் சீற்றுக்குப் பின்னால் இரும்பு வலைத் தடுப்புப் பூட்டுங்கள். பயணிகளைச் சாமானிலிருந்து காக்கும் இத்தடுப்புகளுக்கு அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வகுத்த தரம் ஒன்று உண்டு, இலக்கம் 4034. வாங்கும்போது அந்த இலக்கம் பொறித்திருக்கிறதா என்று கேளுங்கள். நாய் தாண்டாமல் இருக்கப் பூட்டும் மெல்லிய வலை வேறு, இது வேறு.

மூன்றாவது விதி: வாகன உடலோடு இறுக்கப்பட்ட இரும்பு வளையங்களில் மட்டும் கட்டுங்கள். பக்கச் சுவரில் இருக்கும் பிளாஸ்திக் கொக்கி மரக்கறிப் பை தொங்கவிடத்தான். பிள்ளை ஆசனத்தின் மேற்பட்டியைக் கொளுவும் வளையத்திலும் சாமான் கட்டக்கூடாது. அது பிள்ளைக்கு மட்டும் உரியது. ரச்செற் வைத்த பட்டிகள் இரண்டை எடுத்து, ஒன்றை நீளப்பாட்டிலும் மற்றதைக் குறுக்காகவும் போடுங்கள். பட்டியின் தைத்த சிட்டையில் தாங்கும் அளவு எழுதியிருக்க வேண்டும். சிட்டை இல்லாத பட்டியை நான் வாங்குவதில்லை. கட்டியபின் பெட்டியை இரண்டு கையாலும் உலுக்குங்கள். பெட்டி அசையாமல் வாகனம் அசைந்தால் சரி. முதல் பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை நிறுத்திப் பட்டியைத் திரும்ப இறுக்குங்கள். குலுங்கிக் குலுங்கிப் பட்டி தளரும்.

மூன்று வரிசைச் சீற் உள்ள வாகனங்களில் கடைசி வரிசையில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் இருப்பார்கள். அவர்களின் தலைக்குப் பின்னால் இருப்பது ஒரு முழம் இடமும் மெல்லிய சீற் முதுகும்தான். அந்த இடத்தில் ஜக்கும் இரும்பு ஷக்கிளும் வைக்கவே கூடாது. கடைசி வரிசையில் ஆள் இருந்தால் பாரமான பொருட்கள் மற்ற வாகனத்தில் போகட்டும். எப்படியும் மணலுக்குத் தனி வாகனமாகப் போகக்கூடாது. இரண்டு வாகனம் போனால்தான் ஒன்று மற்றதை இழுக்கும். பொருட்களையும் இரண்டுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

ஹைலக்ஸ் போன்ற பின்தட்டு வாகனங்களில் பொருள் பயணிகள் பகுதிக்கு வெளியே இருப்பது ஒரு நன்மை. ஆனால் திறந்த தட்டிலிருந்து பறக்கும் சவள் பின்னால் வருபவரின் கண்ணாடியில்தான் விழும். அங்கேயும் பெட்டியை முன் சுவரோடு ஒட்டிக் கட்டுங்கள்.

கூரையில் மீட்புப் பலகைகளை வைக்கலாம், அவை பாரமில்லை. அவற்றை ஆணிபோட்டு இறுக்குங்கள், கயிற்றால் அல்ல. ஜக்கையும் கொம்பிரசரையும் கூரையில் ஏற்ற வேண்டாம். உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வாகனத்தை உருள்வதற்குக் கிட்டக் கொண்டுவரும். கூரை எவ்வளவு தாங்கும் என்பது வாகனக் கைநூலில் இருக்கிறது. கூரைத் தட்டின் சொந்த நிறையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாரத்தின் வரவு செலவு

உற்பத்தியாளர் அனுமதித்த உச்ச மொத்த நிறையிலிருந்து எரிபொருளோடு சேர்ந்த வெற்று வாகன நிறையைக் கழித்தால் வருவதுதான் நாம் ஏற்றக்கூடியது. உதாரணத்துக்கு உச்சம் 3,000 கிலோ, வெற்று நிறை 2,350 கிலோ என்றால் மிச்சம் 650. பெரியவர், சிறியவர் என்று ஏழு பேர், சராசரி 70 கிலோ: 490. மீட்புப் பொருள் 42. சாப்பாடு, தண்ணீர், குளிர்பெட்டி 40. கதிரை, தூண்டில் 30. கூட்டினால் 602. மிச்சம் 48 கிலோ. இப்போது, அழகாக இருக்கிறதே என்று 60 கிலோவில் இழுப்பறைத் தொகுதி ஒன்றைப் பின்னால் பூட்டினால் கணக்கு 12 கிலோ நட்டத்தில் போய்விடும். பிறேக் பிடிக்கும் தூரம் கூடும், ரயர் சூடேறும், மணலில் இன்னும் ஆழமாகப் புதையும். ஆகவே புதிதாக ஒன்று வாங்கும்போது, இதற்குப் பதிலாக எதை இறக்கப்போகிறேன் என்று கேளுங்கள்.

பாரத்தைக் குறைக்க ஒரு நல்ல வழி, இரும்பு ஷக்கிளுக்குப் பதில் உயர்வலு நாரால் பின்னிய சொஃப்ட் ஷக்கிள். ஒன்று ஏறக்குறைய 200 கிராம்தான். வாகனத்துக்குள் பறந்தாலும், இழுவையின்போது அறுந்து பறந்தாலும் இரும்பு செய்யும் சேதத்தை அது செய்யாது. கூரான இரும்பு விளிம்பில் மட்டும் அதை மாட்டக்கூடாது, நார் வெட்டுப்படும்.

எடுக்கும் ஒழுங்கு

பத்திரமாகக் கட்டிய பொருள் தேவைப்படும்போது கைக்கு எட்டாவிட்டால் அதனாலும் பயனில்லை. அலை ஏறிக்கொண்டிருக்கும்போது பாய், சோற்றுப் பானை, குளிர்பெட்டி எல்லாவற்றையும் ஈர மணலில் இறக்கி, அடியில் இருக்கும் சவளைத் தேடுவதை நான் கண்டிருக்கிறேன். வாகனம் வயிறு தட்டி இருந்தால் சில வாகனங்களின் பின்கதவு மணலில் தட்டித் திறக்கவும் மாட்டாது.

ஆகவே பொருட்களை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் வேண்டியவை காற்றுமானி, காற்றிறக்கும் கருவி, கையுறை, தலைவிளக்கு. மணலில் புதைந்தால் முதல் வேலை இழுப்பதல்ல, ரயர்க் காற்றைக் குறைப்பது. 15 முதல் 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே பல வாகனங்கள் தாமாக வெளியே வந்துவிடும். இவை ஒரு சிறு பையில், முன் சீற்றுக்குப் பின்னால், சீற்றின் காலோடு கொளுவியிருக்கட்டும். பாரமானவை பின்னால் பெட்டியில். சவளும் பலகைகளும் வெளியே, அல்லது பக்கக் கதவால் எட்டும் இடத்தில்.

தீயணைப்பானும் முதலுதவிப் பையும் சாரதி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் தீயணைப்பானை அதற்குரிய இரும்புப் பிடியில் பூட்டுங்கள். சாரதி சீற்றுக்கு அடியில் எதையும் சும்மா வைக்காதீர்கள். உருண்டு வந்து பிறேக் மிதிக்கு அடியில் சிக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தலே போதும்.

பட்டியைப் பராமரித்தல்

நைலோன் பட்டி இழுபட்டு நீண்டு, திரும்பச் சுருங்கும் சக்தியால்தான் வாகனத்தை வெளியே எடுக்கிறது. ஈரமானால் அதன் பலம் 10 முதல் 15 வீதம் குறையும். நனைந்த பட்டியைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், நாருக்குள் புகுந்த மணல் ஒவ்வொரு இழுவையிலும் உள்ளிருந்து அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, முடிச்சுப் போடாமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், சூரியக் கதிர் நாரைக் கெடுக்கும். அமிலம் நைலோனைத் தின்னும். ஆகவே மேலதிகப் பற்றரிக்குப் பக்கத்தில் பட்டி இருக்கக்கூடாது. எண்ணெய், பெற்றோல் கான் இவற்றின் பக்கத்திலும் வேண்டாம். சொஃப்ட் ஷக்கிளின் நார் 150 பாகை அளவில் உருகிவிடும். புகைக்குழாய்ப் பக்கம் அதை வைக்காதீர்கள்.

முரிவாயிலிருந்து வரும்போது ஈரப் பட்டிக்கென்று ஒரு தனிப் பை வைத்திருங்கள். நான் அன்று விட்ட பிழை இங்கேதான் தொடங்கியது. ஈரமென்று பெட்டிக்குள் வைக்க மனமில்லாமல் மேலே எறிந்தேன். இப்போது தண்ணீர் ஊறாத பை ஒன்று பெட்டியின் மூடியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஈரப் பட்டி அதற்குள் போகும், ஷக்கிள் பெட்டிக்குள் போகும், பெட்டி பூட்டுப்படும். அதன் பிறகுதான் பிள்ளைகள் வாகனத்தில் ஏறுவார்கள். எத்தனை பசி என்றாலும் இந்த ஒழுங்கு மாறாது.

இரும்பு ஷக்கிளின் புரியில் கருமணல் புகுந்தால் ஆணி இறுகிவிடும். கழுவித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். உடலில் தாங்கும் அளவு பொறிக்காத ஷக்கிளைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். வளைந்தது, வெடிப்புக் கண்டது, தையல் விட்டது, விளிம்பு அறுந்தது எதுவும் "அவசரத்துக்கு உதவும்" என்று திரும்ப உள்ளே போகக்கூடாது. அவசரத்தில்தான் அது அறும்.

பாவிக்கும்போது

இழுப்பது எப்படி என்பது தனிக் கட்டுரைக்குரியது. ஆனால் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சில விதிகளைச் சொல்லத்தான் வேண்டும். அவுஸ்திரேலியாவில் இந்த இழுபட்டிகளுக்குக் கட்டாயத் தரவிதியே உண்டு. அதன்படி, பட்டியின் குறைந்தபட்ச அறுபலம் இரு வாகனங்களில் பாரம் குறைந்ததன் உச்ச மொத்த நிறையைப் போல 2 முதல் 3 மடங்குக்குள் இருக்க வேண்டும். 3,000 கிலோ வாகனத்துக்கு 6,000 முதல் 9,000 கிலோ. அதைவிடப் பலமானது நல்லதுதானே என்று வாங்கினால் அது நீளாது, வாகனத்தை உலுக்கி உடைக்கும்.

பட்டி நீளத்தின் ஒன்றரை மடங்குக்கு அப்பால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒன்பது மீற்றர் பட்டிக்கு ஏறக்குறைய 14 மீற்றர். ட்ரெயிலர் இழுக்கும் உருண்டைத் தலையில் ஒருபோதும் பட்டியை மாட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. எம்மில் பலர் ஓட்டுவது யப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய வாகனங்கள். அவற்றின் அடியில் இருக்கும் சிறு வளையங்கள் பல கப்பலில் கட்டுவதற்காகப் போட்டவை. இழுவைக்கு உரியவை அல்ல. தரமான இழுவை வளையம் பூட்டாத வாகனத்துக்குப் பட்டி வாங்குவதில் பயனில்லை. சவளும் பலகையும் போதும்.

பதிவேடு

என் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பொருள், எண்ணிக்கை, நிறை, வாங்கிய மாதம், கடைசியாகப் பார்த்த திகதி என்று ஐந்து நிரல்கள். வருடத்தில் இரண்டு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணுவேன். ஒன்று மார்ச் 31, இந்நாட்டு நிதியாண்டு முடியும் நாள். மற்றது ஒக்ரோபர் கடைசியில் வரும் தொழிலாளர் தின நீண்ட வார இறுதி, கோடைப் பயணங்கள் தொடங்கும் முன். மார்ச்சில் கோடையின் தேய்மானம் தெரியும், ஒக்ரோபரில் குளிர்கால ஈரத்தின் சேதம் தெரியும். சென்ற மார்ச்சில் ஒரு ஷக்கிளின் ஆணி காணவில்லை. நண்பரின் வாகனத்தில் கிடந்தது, கதவுப் பையில், கட்டாமல்.

என் மகனுக்கு இப்போது பதினாறு வயது, அடுத்த வருடம் அவனும் ஓட்டப்போகிறான். எண்ணும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் கேட்டான்: "அப்பா, நீங்கள் ஏன் எல்லாத்தையும் இவ்வளவு இறுக்கிக் கட்டுறீங்கள்?" 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது சைக்கிளில் கட்டியதைப் பற்றிச் சொன்னேன். இரண்டு அரிசிப் பை, ஒரு பானை, அம்மம்மாவின் மருந்துப் பெட்டி, என் பட்டச் சான்றிதழ். பாரமானது கீழே, அச்சுக்குக் கிட்ட. இலேசானது மேலே. கயிறு குறுக்காக. நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க முடியாது. விழுந்தது போனதுதான். அந்தக் கட்டு எங்கள் தலைமுறைக்குக் கையிலேயே இருக்கிறது. அன்று பொருள் எங்களை விட்டுப் போகாமல் கட்டினோம். இங்கே அதே பொருள் எங்கள்மேல் வராமல் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான் உடைந்த பிளாஸ்திக்கைப் பார்த்துத்தான் கற்றேன்.

புறப்படுமுன்

சுருக்கமாக, வாசலில் வாகனம் நிற்கும்போது கேட்க வேண்டியவை:

1. பாரமான பெட்டி தரையில், சீற் முதுகோடு ஒட்டி இருக்கிறதா?
2. சீற் முதுகு இரு பக்கமும் பூட்டியிருக்கிறதா?
3. இரண்டு ரச்செற் பட்டி, இரும்பு வளையத்தில் போட்டிருக்கிறதா? உலுக்கிப் பார்த்தாயிற்றா?
4. சீற் உயரத்துக்கு மேலே இரும்பு எதுவும் இல்லையே?
5. கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குப் பின்னால் பாரம் எதுவும் இல்லையே?
6. காற்றுமானியும் கையுறையும் எட்டும் இடத்தில் கொளுவியிருக்கிறதா?
7. ஈரப் பட்டிக்குப் பை இருக்கிறதா?
8. ஏழு பேரையும் சேர்த்த நிறைக் கணக்கு மிச்சத்தில் நிற்கிறதா?
9. இரண்டாவது வாகனம் வருகிறதா?

இந்த ஒன்பதுக்கும் ஐந்து நிமிடம் போதும். திரும்பி வரும்போதும் அதே ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். போகும்போது எல்லோரும் கவனமாகத்தான் கட்டுகிறோம். எனக்குத் தவறியது திரும்பி வரும்போதுதான்.